மாரிக்கு மூடிய நாட்களும் முன்பள்ளிக் காசும்



ஒவ்வொரு மாரிக்கும் நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. "பத்து நாள் முன்பள்ளி மூடிக் கிடந்தது, எதுக்கு முழுக் காசும் கேக்கிறீங்க?" என்று ஒரு பெற்றோர் எழுதுவார். "அப்ப எங்கட டீச்சர்மார் என்னத்தச் சாப்பிடுற?" என்று நிருவாகத்தில் ஒருவர் பதில் போடுவார். அதன் பிறகு குரல் பதிவுகள், கோபம், இரண்டு பேர் குழுமத்தை விட்டு வெளியேறுதல். பெப்ரவரியில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடுத்த நவம்பரில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த விடயத்தைக் கொஞ்சம் ஆறுதலாகப் பேச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். நாங்கள் அரச பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். எங்களிடம் முதலாம் ஆண்டுக்கு வருகிற பிள்ளைகள் முன்பள்ளியில் இருந்துதான் வருகிறார்கள். எங்களில் பலருடைய பிள்ளைகளும் முன்பள்ளியிலும் பகல் பராமரிப்பு நிலையத்திலும்தான் வளர்கிறார்கள். ஆகவே இந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் எங்களுக்குத் தெரியும்.

முதலில், மூடுவது சரியா என்ற கேள்வி.

சரி. அதில் வாதமே வேண்டாம். மருதமுனையில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நமது ஊர்கள் ஒரு பக்கம் கடலுக்கும் மறுபக்கம் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கின்றன. வடகீழ் பருவக்காற்று பலத்தால் மேலே இருந்து வருகிற தண்ணீரும் ஊருக்குள் பெய்கிற தண்ணீரும் ஒன்றாகச் சேர்கின்றன. ஆற்றுவாயை வெட்டிவிடும் வரைக்கும் அந்தத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வளவுக்குள் நிற்கும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு முழங்கால் தண்ணீரே ஆழம்தான்.

2024 நவம்பர் 26 நமக்கு மறக்காது. காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் கவிழ்ந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை இழந்தோம். அதற்கு அடுத்த வருடம், 2025 நவம்பர் இறுதியில், டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பாடசாலைகள் திறப்பதும் டிசம்பர் நடுப்பகுதி வரை தள்ளிப்போனது. இதற்குப் பிறகும் "சும்மா மழைக்கெல்லாம் மூடுறாங்க" என்று யாரும் சொல்ல முடியாது.

மழை நின்ற அடுத்த நாளே திறக்கவும் முடியாது. வளவில் நிற்கிற தண்ணீர் வடிய வேண்டும். கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். மலசலகூடம் பாவிக்கக்கூடிய நிலைக்கு வர வேண்டும். சேறு கழுவ வேண்டும், பாய்களைக் காயவைக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய யோகட் கப்பும் சிரட்டையும் டெங்கு நுளம்புக்கு வீடு. அதையும் அள்ள வேண்டும். சில ஊர்களில் கட்டடமே இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். நான்கு நாள் மழைக்கு எட்டு நாள் மூடுவது இப்படித்தான் நடக்கிறது.

அப்படியானால் உண்மையான கேள்வி, மூடிய நாட்களின் செலவை யார் சுமப்பது என்பதுதான்.

பெற்றோரின் பக்கத்தை முதலில் சொல்வோம், அது நியாயமான பக்கம் என்பதால்.

மாரி என்பது நமது பகுதியில் கையில் காசு இல்லாத காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும், தோணி இறங்காது. பெரும்போகம் விதைத்தாயிற்று, அறுவடைக்குப் பெப்ரவரி, மார்ச் வரை பார்த்திருக்க வேண்டும். வயல்காரருக்குப் பசளைக் கடன், எண்ணெய்க் கடன். மேசன் வேலைக்குப் போகிறவருக்கு மழை பெய்தால் அன்றைய நாட்கூலி இல்லை. கைத்தறிக்காரருக்கு நூல் காயாது. முன்பள்ளி மூடுகிற அதே நாளில்தான் வாப்பாவின் வருமானமும் மூடுகிறது. அந்த வீட்டுக்குப் போய் முழுக் கட்டணமும் கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

வேலைக்குப் போகிற உம்மாமாரின் நிலை வேறு மாதிரி. மழை என்றால் பாடசாலைக்கு லீவு உண்டு, ஆஸ்பத்திரிக்கு லீவு இல்லை. தாதியாக, சிற்றூழியராக, பிரதேச செயலகத்தில் அனர்த்த நிவாரண வேலையில் இருக்கிற பெண்ணுக்கு வெள்ளம் வந்தால்தான் வேலை கூடும். பகல் பராமரிப்பு நிலையம் மூடினால் அவர் பிள்ளையைப் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் விட்டு அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். ஒரே நாளுக்கு இரண்டு இடத்தில் காசு. கடையிலோ தனியார் நிறுவனத்திலோ வேலை செய்பவர் என்றால் லீவு எடுத்த நாளுக்குச் சம்பளமும் வெட்டுப்படலாம். அப்போது மூன்று பக்கத்தால் அடி.

இனி டீச்சர்மாரின் பக்கம்.

இதில் நாங்கள் எங்களையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெள்ளத்துக்குப் பாடசாலையை மூடும்படி மாகாணத்தில் இருந்து அறிவித்தல் வந்தால் நாங்கள் வீட்டில் இருப்போம். மாத முடிவில் எங்கள் சம்பளம் வழமை போல வங்கிக்கு வரும். ஒரு சதம் குறையாது. "வேலை செய்யாத நாளுக்கு ஏன் சம்பளம்?" என்று எங்களிடம் இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அதே வீதியில், அதே மழைக்கு வீட்டில் இருந்த முன்பள்ளி டீச்சரிடம் அதே கேள்வியைக் கேட்கிறோம். எங்களில் ஒரு பங்கு சம்பளம்கூட இல்லாத பிள்ளையிடம்.

முன்பள்ளி டீச்சர்மாருக்கு அரசு கொடுக்கிற கொடுப்பனவு மிகச் சிறியது. அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மிச்சமெல்லாம் பெற்றோர் கட்டுகிற மாதக் காசில் இருந்துதான் வர வேண்டும். அந்தக் காசு எங்கே போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த முன்பள்ளியின் கணக்கும் அல்ல, விளங்குவதற்காக நாங்கள் எடுத்துக்கொண்ட உதாரணம்.

30 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,500 ரூபா. மொத்தம் 45,000 ரூபா. கட்டட வாடகை 10,000. மின்சாரம், தண்ணீர் 2,000. கடதாசி, நிறப் பென்சில், சுத்திகரிப்புச் சாமான் 3,000. மிச்சம் 30,000. அதில் இரண்டு டீச்சருக்கும் தலா 12,000, உதவிக்கு நிற்கிற ராத்தாவுக்கு 6,000. முடிந்தது. கையில் ஒன்றும் இல்லை.

இப்போது மாதத்தின் 20 பள்ளி நாட்களில் 10 நாள் மூடப்படுகிறது. எல்லோரும் "பாதி நாள், பாதிக் காசு" என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வருமானம் 22,500 ஆகிறது. ஆனால் வாடகை பாதியாகாது. மின்சாரம், தண்ணீர்ச் செலவிலும் பெரிய வித்தியாசம் வராது. கடதாசி, பென்சிலில் 1,500 ரூபா மிச்சப்படலாம். ஆக 13,500 ரூபா செலவு போக மிச்சம் 9,000 ரூபா. மூன்று பெண்களுக்கும் சேர்த்து 9,000. பெற்றோருக்குக் குறைந்தது பாதி, டீச்சர்மாருக்குக் குறைந்தது மூன்றில் இரண்டுக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஒன்று விளங்கும். மாதக் காசு என்பது நாட்கூலி போன்றது அல்ல. பிள்ளைக்காக ஓர் இடத்தையும் இரண்டு மனிதர்களையும் வருடம் முழுக்கத் தயாராக வைத்திருப்பதற்கான காசு அது. மழை பெய்த மாதத்தில் அதைப் பாதியாக வெட்டினால், படித்த, பொறுமையான டீச்சர் அடுத்த வருடம் கடையில் கணக்கு எழுதப் போய்விடுவார், அல்லது வெளிநாட்டுக்குப் போவார். ஜனவரியில் நமது பிள்ளைக்குப் புதிதாக ஒருவர் வருவார். அவரும் அடுத்த மாரியோடு போவார். சின்னப் பிள்ளைக்குப் பழகிய முகம் எவ்வளவு முக்கியம் என்று கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். முதலாம் ஆண்டு வகுப்பில் நின்று பார்த்தால் அதைக் கண்ணாலேயே காணலாம். ஒரே டீச்சரிடம் இரண்டு வருடம் இருந்து வந்த பிள்ளை கதவடியில் நின்று அழுவது குறைவு.

ஆனால் இதைச் சொல்லும்போது நிருவாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூடிய நாட்களுக்கு முழுக் காசு கேட்கிற உரிமை, அந்தக் காசு டீச்சரின் கைக்கு முழுமையாகப் போனால் மட்டுமே உண்டு. பெற்றோரிடம் "டீச்சர்மார் பாவம்" என்று சொல்லி முழுக் கட்டணம் வாங்கிவிட்டு, டீச்சரிடம் "மழை நாளுக்குச் சம்பளம் இல்லை" என்று சொன்னால் அது அமானிதத்தில் கைவைப்பது. அப்படி ஓர் இடத்தில் நடந்தாலும் அது பிழைதான். மூடிய நாளில் சமைக்காத சாப்பாட்டுக்கும் ஓடாத வேனுக்கும் காசு வாங்குவதும் அப்படித்தான். அரிசியும் பருப்பும் டீசலும் செலவாகவில்லை என்றால் அந்தக் காசு பெற்றோருடையது.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். இந்தக் கணக்கை மழை பெய்யும்போது பேசக்கூடாது. வெயிலில் பேசி முடிக்க வேண்டும். ஜனவரியில், பிள்ளையைச் சேர்க்கிற நாளில், விண்ணப்பப் படிவத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பக்கமும் கையொப்பம் வைக்க வேண்டும். மாரி நமக்குத் தெரியாமல் வருகிற விருந்தாளி இல்லையே. வருடா வருடம் வருகிறது. வருடா வருடம் புதிதாக வந்தது போல நாம்தான் சண்டை பிடிக்கிறோம்.

அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதலாம்? எங்களுக்குத் தோன்றியவை இவை.

1. ஒரு மாதத்தில் முதல் ஐந்து நாட்கள் வரை மூடினால் கட்டணத்தில் குறைப்பு இல்லை. டீச்சர்மாரின் சம்பளத்திலும் குறைப்பு இல்லை. இரண்டும் ஒரே வரியில் எழுதப்பட வேண்டும்.

2. ஆறாம் நாளில் இருந்து, மூடிய ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாளின் கட்டணத்தில் பாதி குறைக்கப்படும். மேலே சொன்ன உதாரணத்தில் ஒரு நாளுக்கு 75 ரூபா, பாதி 37.50. பத்து நாள் மூடினால் ஒரு பிள்ளைக்கு 187.50 ரூபா குறையும். நிலையத்துக்கு மொத்தமாக 5,625 ரூபா குறையும். டீச்சர்மாருக்கென்று 9,000 அல்ல, 25,875 ரூபா மிஞ்சும். வலி இரண்டு பக்கமும் இருக்கும், ஒரு பக்கமும் முறியாது.

3. சாப்பாடு, வேன் இரண்டும் மாதக் கட்டணத்தில் இருந்து வேறாகக் காட்டப்பட வேண்டும். மூடிய நாளுக்குச் சாப்பாட்டுக் காசு முழுதாகத் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். வேன்காரருக்கும் குடும்பம் இருக்கிறது, லீசிங் இருக்கிறது. ஆகவே டீசலுக்கான பங்கை மட்டும் கழிப்பதா என்று அவரையும் கூட்டத்துக்கு அழைத்துப் பேச வேண்டும்.

4. ஜனவரியில் இருந்து ஒக்டோபர் வரை பிள்ளைக்கு மாதம் 50 ரூபா வேறாகச் சேர்க்கலாம். 30 பிள்ளைகள், 10 மாதம் என்றால் 15,000 ரூபா. அதற்கு "மாரிப் பெட்டி" என்று பெயர் வைப்போம். நவம்பர், டிசம்பரில் கட்ட முடியாத வீட்டுக்கும், குறைந்துபோன சம்பளத்துக்கும் அதில் இருந்து எடுக்கலாம். மிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு. கணக்கு ஒரு டீச்சரிடமும் ஒரு பெற்றோரிடமும் இருக்க வேண்டும், தனி ஆளிடம் வேண்டாம்.

5. மூடுவதா இல்லையா என்ற முடிவு முதல் நாள் பின்னேரம் ஏழு மணிக்கு முன் வர வேண்டும். காலையில் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டு வாசலில் நிற்கும்போது வருகிற மெசேஜ் ஒருவருக்கும் உதவாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். அரச பாடசாலைகளுக்கு வருகிற அறிவித்தலில் பகல் பராமரிப்பு நிலையங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பாதை தண்ணீருக்குள் இருந்தால் பிள்ளையைக் கொண்டுவரவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.

6. ஆஸ்பத்திரி, மின்சார சபை, பொலிஸ், பிரதேச செயலகம் போன்ற இடங்களில் வேலை செய்கிற பெற்றோரின் பெயர்களை ஜனவரியிலேயே எடுத்து வையுங்கள். மேட்டு நிலத்தில் வீடுள்ள, பிள்ளைகளுக்குப் பழக்கமான இரண்டு மூன்று குடும்பங்களோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். வெள்ளம் வந்த இரவில் ஒரு தாதி உம்மா ஆளுக்காள் அழைத்துக் கெஞ்சிக்கொண்டு இருக்கக் கூடாது.

இதில் பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வெள்ளம் வந்தால் நமது பள்ளிவாசல்கள் சமைத்த சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பதில் குறை வைப்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ். அதே கையால், கூலிக்குப் போகிற பத்து வீட்டின் ஒரு மாத முன்பள்ளிக் காசையும் ஸதகா நிதியில் இருந்து கட்டலாம். பார்சல் ஒரு நேரப் பசியைப் போக்கும். இந்தக் காசோ ஒரு பிள்ளையின் இடத்தையும் ஒரு டீச்சரின் சம்பளத்தையும் சேர்த்துக் காக்கும். ஸகாத்தில் இருந்து கொடுக்கலாமா, யாருக்குக் கொடுக்கலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். பெயர்ப் பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டாம், காசு கொடுக்கிற படத்தை முகநூலில் போட வேண்டாம். டீச்சருக்குத் தெரியும் யார் வீட்டில் கஷ்டம் என்று. அவரிடம் மெதுவாகக் கேளுங்கள்.

வசதி உள்ள பெற்றோருக்கும் சொல்கிறோம். அதில் எங்களைப் போன்ற அரச உத்தியோகத்தர்களும் அடக்கம். மழைக்கு எங்கள் சம்பளம் குறையவில்லை. ஆகவே இரண்டாம் விதியில் வருகிற 187 ரூபாக் குறைப்பு எங்களுக்குத் தேவையில்லை. அதை மாரிப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். ஒரு பீட்சாவின் கால்வாசிக் காசுகூட இல்லை அது.

மாகாணத்தில் பொறுப்பாக இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. முன்பள்ளிகளைப் பதிவு செய்கிறீர்கள், பரிசோதிக்கிறீர்கள், பதிவேடு கேட்கிறீர்கள். அனர்த்த காலத்தில் மூடுவது, கட்டணம், சம்பளம் பற்றி ஒரு மாதிரி விதியையும் எழுதித் தாருங்கள். ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகச் சண்டை பிடித்துத் தீர்வு காண வேண்டியதில்லை. மழைக்கு மூடிய நாட்களைக் காரணம் காட்டி டீச்சர்மாரின் கொடுப்பனவு தாமதமாகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலர் சொல்வார்கள்: "இதெல்லாம் எழுதி வைக்கிற அளவுக்குப் பெரிய விசயமா? நமக்குள்ள பேசித் தீர்க்கலாமே." பேசித் தீர்ந்திருந்தால் வருடா வருடம் இந்தச் சண்டை வராது. எழுதி வைப்பது நம்பிக்கை இல்லாததால் அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. எழுதினால் உறவு முறியாது, எழுதாததால் முறிந்த உறவுகளைத்தான் குழுமங்களில் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

இந்தச் சண்டையில் எதிரெதிரே நிற்கிறவர்களை ஒரு தரம் பாருங்கள். ஒரு பக்கம் நாட்கூலி இல்லாமல் இருக்கிற வீட்டு உம்மா. மறுபக்கம் மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு முப்பது பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுகிற டீச்சர். இருவருமே இந்த ஊரின் வசதி குறைந்த பெண்கள். இவர்கள் இருவரையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு, மிச்சப் பேர் குரல் பதிவு கேட்டுக்கொண்டிருப்பது நமக்கு அழகல்ல.

புதிய வருட அனுமதி நடக்கிற காலம் இது. உங்கள் முன்பள்ளியில், பகல் பராமரிப்பு நிலையத்தில் முதலாவது பெற்றோர் கூட்டம் வரும்போது இந்த ஆறு விடயத்தையும் எடுத்துப் பேசுங்கள். கூடுதல் குறைவு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். நமது தொகை உங்கள் ஊருக்குப் பொருந்தாமல் இருக்கலாம், முறை பொருந்தும். உங்கள் இடத்தில் ஏற்கெனவே நல்ல முறை ஒன்று இருந்தால் கீழே எழுதுங்கள், மற்ற ஊர்களும் எடுத்துக்கொள்ளட்டும். நிலையத்தின் பெயரைப் போட்டு யாரையும் ஏச வேண்டாம்.

அடுத்த மாரிக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். ஒரு பக்கம் எழுதி முடிக்க அது போதும்.